வேலிக்கு வெளியே சோறு

ரப்பர் பால் லோரி தோட்டத்துக் கேட்டைத் தாண்டிக் கூப்பிடு தூரத்தில் நின்றுவிட்டது. நல்லசாமி அடியில் புகுந்து பார்த்தான். டீசல் பம்பு ஒழுகி மண்ணெல்லாம் ஊறிக் கிடந்தது. ஸ்டோரில் புது பம்பு ஒன்று இருந்தது அவன் செய்த புண்ணியம். ஆனால் வண்டி ஓட்டுவதும் அவன்தான், ரிப்பேர் பார்ப்பதும் அவன்தான். டாங்கியில் இருக்கும் ரப்பர் பால் கட்டியாகிவிட்டால் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி தோலை உரித்துவிடுவார்.

பழைய பம்பின் போல்ட்டுகள் துருவேறி அசைய மறுத்தன. ஸ்பானர் நழுவி விரல் முட்டி கிழிந்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது பசியில் காது அடைத்தது. பாலுக்கு ரப்பர் மரம் வெட்டிவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பிய மாரியம்மா கண்ணில் பட்டாள்.

"வீட்டுல அந்தப் பஞ்சாலைகிட்டச் சொல்லு, புருசன்னு ஒருத்தன் இங்க காஞ்சு கெடக்கான்னு. சோறு கொண்டாரச் சொல்லு."

"சோத்த எப்படிண்ணே கேட்டுக்கு வெளிய..."

"இந்தா இருக்கு கேட்டு. காவலுக்கு நிக்கிறது எல்லாம் நம்ம பயலுவதான் லா. சொல்லு போ!"

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டம் அவனுக்குத் தெரியாததல்ல. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது. மீறினால் ஜெயில். ஆனால் காவல்காரர்களுக்குச் சிரம்பானிலிருந்து சிகரெட் வாங்கிவந்து கொடுப்பவனே இவன்தான். அந்த மிதப்பு. அவன் ஸ்டோருக்குப் போய்வந்த பிறகு கேட்டில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்து உட்கார்ந்திருந்தது லோரிக்கடியில் கிடந்தவனுக்குத் தெரியவில்லை.

பஞ்சாலைக்குத் தெரிந்தது. அதனால்தான் இலைப் பொட்டலத்தைப் பால்வாளியின் அடியில் வைத்து, மேலே கந்தல் துணியைப் போட்டு மூடிக்கொண்டு வந்தாள். வராமலே இருந்திருக்கலாம். வராவிட்டால் சாயங்காலம் விழும் அடியும் அவளுக்குத் தெரியும்.

கிராணி குடையோடு வந்து லோரிப் பக்கம் நின்றார். அவருடைய சப்பாத்துக் கால்கள் மட்டும் நல்லசாமிக்குத் தெரிந்தன.

"ஒம் பொண்டாட்டியப் புடிச்சிட்டாங்க. சோத்த ஒளிச்சிக் கொண்டாந்தாளாம். கோலா பிலா போலீஸ் ஸ்டேசனுக்குக் கொண்டு போவணும், அவங்க வந்த வண்டி திரும்பிப் போயிருச்சு. கர்பியூவுக்கு முன்ன லோரி கெளம்புமா?"

நல்லசாமி பதறிக்கொண்டு வெளியே வந்தான். "ஐயா, அந்தச் சோறு எனக்குத்தாங்க. நாந்தாங்க கொண்டாரச் சொன்னேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கய்யா."

"சொன்னேன். அப்புறம் அவ ஏன் ஒளிச்சான்னு கேட்டுல வந்து உக்காந்திருக்குற வெள்ளைக்காரன் கேக்குறான். லோரி கெளம்பலன்னா ராத்திரி காவல் கொட்டாயிலதான் வைப்பாங்க. அங்க பூரா ஆம்பளைங்க. நீயே யோசிச்சுக்க."

யோசிக்க என்ன இருக்கிறது? மறுபடி அடியில் புகுந்தான். புது பம்பைப் பொருத்தினான், குழாயை முடுக்கினான், பம்பை அழுத்தி அழுத்தி உள்ளே அடைத்திருந்த காற்றை வெளியேற்றினான். நுரை அடங்கி டீசல் தெளிவாக வந்தது. பெண்டாட்டியை ஜெயிலுக்கு அனுப்ப இத்தனை அவசரப்பட்ட புருஷன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான். இஞ்சின் எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

"கெட்டிக்காரன்டா" என்றார் கிராணி.

பஞ்சாலையைப் பின்னால் பால் டாங்கிக்குப் பக்கத்தில் ஏற்றினார்கள். துப்பாக்கியோடு ஒரு காவல்காரன் கூட ஏறினான். நல்லசாமி கிட்டே போய், "நாந்தான் கேட்டேன்னு ஸ்டேசன்ல சொல்லிடுறேன் புள்ள" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். "இனிமே வீட்டுல யாரப் போட்டு அடிப்பீங்க?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

முன் சீட்டில் இன்னொரு காவல்காரன் உட்கார்ந்து, பொட்டலத்தை இருவருக்கும் நடுவில் வைத்தான். "தொட்டுடாதண்ணே. அது சாட்சி."

மேடு பள்ளத்தில் லோரி குலுங்கியபோது இலை லேசாக விரிந்தது. அவன் கையிலிருந்த டீசல் நாற்றத்தையும் மீறிக் கருவாட்டுக் குழம்பு மணத்தது. நல்லசாமியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வாயில் எச்சில் ஊறியது. அதை விழுங்கிவிட்டுக் கியரை மாற்றினான்.