வத்தலக்குண்டு வரைக்கும்

பெட்டியில் கையடக்க விளையாட்டுக் கருவி என்று அச்சடித்திருந்தாலும் ராபினுக்கு அது மெஷின்தான். கொடைக்கானலில் ஒரு வாடகைக் கொட்டகையில் மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது. அதன் பாகங்களைப் பூட்ட, பக்கத்துப் பேத்துப்பாறையிலிருந்து நான்கு பெண்கள் தோட்டக் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள்.

மார்கழியில் அனுப்பிய ஐந்நூறும் தை முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தன. சித்திரையில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டன. அவற்றை மதுரைக் கடைகளுக்குப் போட்ட செல்வமுருகன், வியாபாரம் படுத்துவிட்டது என்றார். ராபின் ஒத்துக்கொள்ளவில்லை.

“வித்துத் தீந்த சாமான் எப்படிங்க தோல்வியாகும்? பிள்ளைங்க கீழ போட்டிருக்கும்.”

திரும்பி வந்ததையெல்லாம் கொட்டகையில் போட்டுப் பார்த்தான். எல்லாமே ஓடின. கெட்டிக்காரன்தான், ஆனாலும் காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு.

கடைசியில் செல்வமுருகனே மலையேறி வந்தார்.

“எங்கூட பஸ்ல கீழ வாங்க. வத்தலக்குண்டு வரைக்கும் இது நிக்காம ஓடுச்சுன்னா அடுத்த ஆயிரத்துக்கு அங்கயே ஆர்டர் சொல்லிர்றேன். நின்னுச்சுன்னா தோல்வின்னு நீங்களே ஒத்துக்கணும்.”

ராபின் ஸ்வெட்டரோடு சிரித்துக்கொண்டே ஏறினான். பெருமாள்மலையில் மெஷின் ஓடியது. ஊத்து என்ற ஊரைத் தாண்டியும் ஓடியது. செல்வமுருகன் கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டார். அதற்குக் கீழே ஜன்னல் காற்று அனலாக மாறியது. ராபின் ஸ்வெட்டரைக் கழற்றினான். மெஷினின் முதுகு சுட்டது. காமக்காபட்டி வருவதற்குள் படம் உறைந்து, திரை வெளுத்துப்போனது.

அவசர அவசரமாகக் கைக்குட்டையை நனைத்து மெஷினை அதில் சுற்றி, வாயால் ஊதினான். திருட்டு வேலைதான், வேறென்ன செய்வான்? திரையில் மறுபடி படம் வந்தது.

“பெட்டிக்குள்ள ஈரத்துணியும் வச்சுக் குடுப்பீங்களா?” செல்வமுருகன் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

ராபினுக்கு அப்போதுதான் உறைத்தது. மேகம் இறங்கினால் ஈரம் உள்ளே போய்விடுமே என்று, காற்றுப் போக ஒரு ஓட்டைகூட இல்லாமல் அடைத்தவன் அவன்தான். வெயிலென்றால் குளிர் காய்வதற்கு என்று மட்டுமே தெரிந்தவன், ஒரு தடவைகூட அதைக் கீழே கொண்டுபோய்ப் பார்க்கவில்லை.

“தோல்விதாங்க,” என்றான். “ஓட்டை போட்டு மறுபடி செஞ்சா?”

“இந்தப் பேரைச் சொன்னாலே கடைக்காரங்க அடிக்க வர்றாங்க. இனி ஆகாதுங்க.”

வத்தலக்குண்டில் இறங்கியதும் போன் அடித்தது. பூட்ட வந்த நால்வரில் மூத்தவளான அடைக்கலமேரி.

“அண்ணே, ஓடுச்சா?”

“இல்ல மேரி.”

“நாங்க பூட்டுனதுல ஏதும் கொறையா?”

“உங்க மேல ஒரு கொறையும் இல்ல. தப்பு என்னுது. நாளைக்கு வர வேணாம். பழைய தோட்டத்துல வேலை கேட்டுப் பாருங்க.”



“போன வாரமே போய்க் கேட்டோம்ணே. வேற ஆள் வச்சுட்டாங்க.”