பரிசத் தட்டும் மச்சானின் காரும்

தலவாக்கலை தாண்டிய ஏற்றத்தில் கார் நின்றபோது அதில் இருந்தவர்கள் செல்லசாமி, அவர் மனைவி அம்மாக்கண்ணு, பரிசம் போடப் புறப்பட்ட மகன் திலக்ஷன், மடியில் பரிசத் தட்டோடு அம்மாக்கண்ணுவின் தம்பி பிரதாப். பூண்டுலோயாவில் பெண் வீட்டார் காத்திருந்தார்கள். நல்ல நேரம் தவறினால் குடும்பம் ஊர் வாய்க்கு அவலாகிவிடும் என்று செல்லசாமி மணியைப் பார்த்தார்.

காரை விற்றவன் பிரதாப்தான். வாங்கும்போது, "ஒரு மெக்கானிக் பாஸைக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாமேப்பா" என்றான் திலக்ஷன்.

"பொண்ணு குடுத்த வீட்டு வண்டிக்குச் சோதனையா?" என்று அதட்டிவிட்டு, செல்லசாமி வெற்றிலை மாற்றிச் சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு ரேடியேட்டர் போனது, கிளச் போனது, மறுபடியும் ரேடியேட்டர். அம்மாக்கண்ணுவின் தோடு ஹட்டன் அடகுக் கடைக்குப் போய், காதில் ஈர்க்குச்சி ஏறியது. "மலை ஏறுற வண்டிக்கு இதெல்லாம் சகஜம் மச்சான்" என்பான் பிரதாப்.

இன்று பொனட்டைத் திறந்ததும் வெள்ளைப் புகை.

"தலவாக்கலையில ரிஸ்வி பாஸ் இருக்காரு," திலக்ஷன் போனை எடுத்தான்.

"அவரு வேணாம். ஹட்டன்லருந்து கூப்புடுவோம்," என்றான் பிரதாப் அவசரமாக.

"பக்கத்துல ஆளு இருக்க ஹட்டன் எதுக்கு?" என்றார் செல்லசாமி.

ரிஸ்வி வந்து, குனிந்து பார்த்து, சிரித்தே விட்டார். "இன்னுமா இது ஓடுது? பிரதாப் அண்ணே, எஞ்சின் ஹெட் வெடிச்சிருக்கு, மாத்தாம ஓட்டாதீங்கன்னு அன்னைக்கே சொன்னேனே. விக்கிற வரைக்கும் தாங்குனா போதும், பசை போட்டு அடைன்னீங்க. இந்த ஐயாவுக்கா வித்தீங்க?"

"எங் காதப் பாத்துக்கிட்டே சகஜம்னு சொன்னியேடா," என்றாள் அம்மாக்கண்ணு.

"வேற யாரும் வாங்கலக்கா."

திலக்ஷன் தட்டைப் பிடுங்கப் போனான். செல்லசாமி மகன் கையைப் பிடித்தார். தட்டைத் தாய்மாமன்தான் கொண்டுபோக வேண்டும். அவன் இல்லாமல் போய் நின்றால் பெண் வீட்டார் காரணம் கேட்பார்கள். தன்னிடம் வெற்றிலை வாங்கிய அந்தக் கையைப் பார்க்க அவருக்குக் கூசியது.

"அது அவன்கிட்டயே இருக்கட்டும். ரிஸ்வி தம்பி, ஒரு வேன் புடிச்சுக் குடுங்க."

பரிசத்தன்று தாய்மாமனை நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள் என்று ஹட்டன் கடைத்தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். பிரதாப் வந்தான். தட்டை அவன்தான் எடுத்து வைத்தான். செல்லசாமி அன்று அவனோடு பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை. ரோட்டில் விட்டுப் போனது காரைத்தான்.