ஹோல்சாப்பிள் பிடித்த கடைசி ஆள்

ட்ரென்டன் ஹோல்சாப்பிளின் உடுப்பை எட்டு வருடம் துவைத்தவன் நான். துவைத்தவன் என்பதே மிகை. ஆட்டம் முடிந்து மற்றவர்களின் உடுப்பு வரும்போது சேறும் ரத்தமும் பிய்ந்த புல்லுமாக வரும்; ஒரு கூடையைத் தூக்கினால் ஒரு கன்றுக்குட்டியின் கனம் கனக்கும். அவனுடையது கடையிலிருந்து வாங்கிய மடிப்பு கலையாமல் வரும். மூன்றாம் வருடத்திலிருந்து நான் அதை இயந்திரத்தில் போடுவதையே விட்டுவிட்டேன். உதறி, மாட்டி, கொஞ்சம் வாசனைத் தண்ணீர் தெளித்து வைப்பேன். அவன் உட்பட ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

ஈரி ஆங்கர்ஸ் அணியின் சாமான் அறைக்கு நான் முப்பத்திரண்டு வருடம் பொறுப்பாளி. ஹெல்மெட், தோள் கவசம், காலணி ஆணி, மூக்கில் ஒட்டும் பட்டை எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். இப்போது ஓய்வு. மருந்து மாத்திரை சாப்பிடுவதைத் தவிர வேலை இல்லாததால், நடந்ததை நடந்தபடியே சொல்ல நேரம் கிடைத்திருக்கிறது. நடந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னால் அது எங்கள் ஊர் ஏரிக் காற்றின் குற்றம்.

எங்கள் அமெரிக்க ஃபுட்பாலில் தற்காப்பு ஆட்டக்காரனின் வேலை சின்னது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வருகிறவனைப் பிடித்துத் தரையில் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான். கொல்லரிடம் போய் இரும்பை அடிக்கத் தெரியுமா என்று கேட்பதுபோல, இவனிடம் போய்ப் பிடிக்கத் தெரியுமா என்று எவரும் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஹோல்சாப்பிள் ஓரக் கோட்டருகே நிற்பவன். ஆள் அவன் பக்கம் ஓடி வந்தால், இவனும் கூடவே ஓடுவான். ஒரு கை தூரம் விட்டு, பந்துக்காரனின் வேகத்துக்குத் தன் வேகத்தைச் சரிசெய்துகொண்டு, கல்யாண வீட்டில் விருந்தாளியைப் பந்திக்கு அழைத்துப் போகிறவன்போல, தாண்டினால் புள்ளி கிடைக்கிற கடைக்கோடு வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடுவான். அங்கே போனதும் பொத்தென்று விழுந்து தரையை ஒரு குத்துக் குத்துவான், அரை வினாடி பிந்திவிட்டதாக. டிசம்பர் வந்தால் எதிரணிக்காரர்களிடமிருந்து அவனுக்கு நாற்பது வாழ்த்து அட்டை வரும். நானே கட்டுப் பிரித்திருக்கிறேன்.

தனக்குத் தானே ‘இரும்புக் கதவு’ என்று பெயர் வைத்துக்கொண்டான். சட்டை அச்சடித்து விற்றான். இரும்புக் கதவுதான், சந்தேகமில்லை. ஆள் வந்தால் தானாகத் திறக்கிற வகை.

இவனைப்போல ஒருவன் எப்படிப் பன்னிரண்டு வருடம் நிலைத்தான்? முதல் வருடம் எதிரணி வீசிய ஆறு பந்துகளை நடுவில் பறித்தான். பறித்தான் என்றால், டெஸ் ப்ரானிகன் என்ற முரடன் எதிரணிக்காரனை இடித்த இடியில் பந்து எகிறி இவன் மடியில் வந்து விழுந்தது, ஆறு தடவையும். ஒரு தடவை இவன் காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பெரிய ஒப்பந்தம் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர் தன் தப்பை ஒப்புக்கொள்ளாத மனிதர். எட்டு வருடம் எங்களிடம், பிறகு நாலு ஊரில் நாலு வருடம். அதன்பின் டிவி. அங்கே உட்கார்ந்து, “இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பிடிக்கவே தெரியல” என்று வாராவாரம் துக்கப்படுவான். ப்ரானிகனுக்கோ, இவன் விட்ட ஆட்களையெல்லாம் துரத்தித் துரத்தி இரண்டு முழங்காலும் பிளாஸ்டிக். அந்த ப்ரானிகன்தான் பிற்பாடு எங்கள் கோச்.

இந்த நிலையில் ஹோல்சாப்பிளுக்கு ஓர் ஆசை வந்தது. எங்கள் மைதானத்தின் தெற்குப் பக்கம் கௌரவச் சுவர் இருக்கிறது. பெரிய ஆட்டக்காரர்களின் பெயர் வெண்கல எழுத்தில் நிற்கும். அதில் தன் பெயர் வர வேண்டும். அணியின் உரிமையாளர் வாண்டர்லிப் அம்மாளுக்கு அவன்மேல் பிரியம். அந்த அம்மாள் ஆட்டத்தைப் பார்த்ததில்லை, அவன் சிரிப்பைத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் அவருடைய கணவர் செத்துப்போகும் முன் வைத்துவிட்டுப் போன விதி ஒன்று உண்டு. எங்கள் சட்டையில் ஓய்வு பெற்றவனுக்குத்தான் சுவர். இன்னும் ஆடுகிறவன் பெயரை ஏற்றவே கூடாது. ஒரு தடவை ஏற்றி, அந்த ஆள் அடுத்த வருடமே எதிரி ஊருக்கு ஓடிப்போய், வெண்கலத்தை நாங்கள் ரம்பம் வைத்து அறுத்த கதை அது.

இதற்கு லீக்கில் ஒரு வழக்கம் இருக்கிறது. பழைய ஆளைக் கூப்பிட்டு ஒரே ஒரு நாளுக்கு ஒப்பந்தம் போட்டு, அன்றைக்கே ஓய்வு கொடுப்பார்கள். திங்கட்கிழமை ஆபீசில் கையெழுத்து, கேக், கண்ணீர், முடிந்தது. மற்ற எவனுக்கும் அது போதும். இவனுக்குப் போதவில்லை. பருவத்தின் கடைசி ஆட்டத்தன்று, முழு உடுப்பில், புகை நடுவே ஓடி வர வேண்டுமாம். அன்றைய நாற்பத்தெட்டுப் பேர் பட்டியலில் தன் பெயர் அச்சில் இருக்க வேண்டுமாம். ஆட்டம் முடிந்ததும் துணியை விலக்கிப் பெயரைக் காட்ட வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் அம்மாள் தலையாட்டினார். ப்ரானிகனும் தலையாட்டினார். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஜனவரி ஞாயிறு, பகல் ஒரு மணி. ஏரியிலிருந்து பனி படுக்கை வாட்டில் வந்துகொண்டிருந்தது. டுலூத்காரர்கள் எதிரணி. பாதி ஆட்டத்தில் நாங்கள் 27, அவர்கள் 3. ஹோல்சாப்பிள் மைதான ஓரத்துப் பெஞ்சில் கம்பளி போர்த்தி, சுடச்சுட சாக்லேட் குடித்துக்கொண்டு, காமிராவுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தான். ஓரம் காக்கிற எங்கள் ஆட்கள் மூன்று பேர். ஒருவனுக்குக் காய்ச்சல், வீட்டில் இருந்தான். ஒருவனுக்கு இரண்டாம் பகுதியில் தொடை பிடித்துக்கொண்டது. மூன்றாமவன் எதிரணிக்காரனின் ஹெல்மெட்டைப் பிடுங்கிக் கூட்டத்துக்குள் வீசினான். அது எட்டாவது வரிசையில் ஒருவர் தட்டிலிருந்த பெப்பரோனி இறைச்சி உருண்டைகளின் மேல் இறங்கியது. நடுவர்கள் அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ப்ரானிகன் மெதுவாகத் திரும்பினார். பிளாஸ்டிக் முழங்கால் கிரீச்சிட்டதை நான் கேட்டேன்.

“ஹோல்சாப்பிள்! ஹெல்மெட்டை மாட்டுய்யா.”

“என்னையா சொல்றீங்க கோச்?”

“இல்ல, செத்துப்போன என் அத்தையைச் சொல்றேன். மாட்டு.”

“கோச், என் ஒப்பந்தம் விழாவுக்கு மட்டும்தானே!”

ப்ரானிகன் கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்தார். அதை ஏன் கையோடு வைத்திருந்தார் என்று என்னிடம் கேட்காதீர்கள். “இதுல விழான்னு எங்க இருக்கு? ஆட்டக்காரர்னு இருக்கு. நீயே கையெழுத்துப் போட்டு, போடறதை வீடியோ வேற எடுத்து உலகத்துக்கே காட்டின. போகலன்னா ஒப்பந்தத்தை மீறினதா அர்த்தம். மேல அம்மா உக்காந்திருக்காங்க. சொல்லட்டுமா?”

ஹோல்சாப்பிள் மேலே பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் வாண்டர்லிப் அம்மாள் கையாட்டினார். தெற்குச் சுவரைப் பார்த்தான். நீலத் துணிக்கு அடியில் அவன் பெயர் மேடு தட்டி நின்றது. என்னைப் பார்த்தான்.

“காஸ், தோள்ல ஒரு மாதிரி வலிக்குதுன்னு சொல்லேன்.”

“எந்தத் தோள்னு சொல்ல? ரெண்டுமே புதுசால்ல இருக்கு!”

போனான். அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்வது பாவம். டுலூத்காரர்கள் வேறு பக்கம் ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார்கள். இவன் ஒவ்வொருவரையும் கடைக்கோடு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். ஒருவனுக்கு வழியில் ஹெல்மெட் வார் அவிழ்ந்தது. இவன் நின்று மாட்டிவிட்டான் என்று நான் சத்தியம் செய்வேன். 27க்கு 23. கடிகாரத்தில் நாலு வினாடி. கடைக்கோட்டுக்குப் பதினைந்து கஜம். அவர்கள் கோட்டைத் தாண்டினால் நாங்கள் தோற்றோம்.

பந்து யாருக்கு வரும் என்று ஊருக்கே தெரியும். பூன் லட்ரெல், இருபத்து மூன்று வயது, தொடை ஒவ்வொன்றும் பீர் பீப்பாய். எங்கள் பெஞ்சுக்கு நேர் எதிரே வந்து நின்றான். அவனுக்கு எதிரே ஹோல்சாப்பிள். நான் பத்தடி தள்ளி நின்றேன். ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

“தம்பி, லட்ரெல்தானே நீ? பெரிய ஆளுப்பா நீ.”

“உங்களை டிவியில பாத்திருக்கேன் சார். போன வாரம் என்னைப் பஞ்சு மெத்தைன்னு சொன்னீங்க.”

“அது டிவிக்காகச் சொல்றதுப்பா! மனசுல வச்சுக்காத. இன்னும் அரை மணியில எனக்கு மரியாதை பண்ணப் போறாங்க. நீ அந்தப் பக்கமா ஓடேன்.”

“அந்தப் பக்கம் ஆளுங்க இருக்காங்க சார். இந்தப் பக்கம்தான் காலி.”

“நான் நிக்கிறேனேப்பா!”

“அதைத்தான் சொன்னேன்.”

பந்து லட்ரெல் கைக்கு வந்தது. முன்னால் பதினைந்து கஜம் வெட்டவெளி, குறுக்கே ஒரு பூனை இல்லை. சும்மா நடந்திருந்தாலே போதும். ஆனால் அந்தப் பையன் கடைக்கோட்டைப் பார்க்கவில்லை. ஹோல்சாப்பிளைப் பார்த்தான். பார்த்துக் குனிந்து, நேராக அவன்மேல் பாய்ந்தான்.

ஹோல்சாப்பிள் திரும்பி ஓடினான். முப்பத்திரண்டு வருடத்தில், பிடிக்க வேண்டியவன் முன்னால் ஓட, பந்து வைத்திருக்கிறவன் பின்னால் துரத்திய காட்சியை நான் அன்றுதான் பார்த்தேன். இடப்பக்கம் ஒரு வளைவு, வலப்பக்கம் ஒரு வளைவு, தன் ஆட்கள் இரண்டு பேரை இடித்துத் தள்ளிவிட்டு, “டேய் வேணாம்டா! வேணாம்டா!” என்று கத்திக்கொண்டு எங்கள் பெஞ்சைப் பார்த்து வந்தான். அவன் அவ்வளவு வேகமாக ஓடி நான் கண்டதில்லை. அந்த வேகத்தில் பாதியை ஒரு தடவை ஆட்டத்தில் காட்டியிருந்தால் ப்ரானிகனுக்கு ஒரு முழங்காலாவது மிஞ்சியிருக்கும். தண்ணீர்ப் பீப்பாயைத் தாண்டிக் குதித்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். லட்ரெல் பின்னாலேயே வந்து என் மூக்குக்கு முன்னால் நின்றான், இரண்டு காலும் ஓரக் கோட்டுக்கு வெளியே.

விசில். பந்து வெளியே, ஓட்டம் முடிந்தது. கடிகாரத்தில் சைபர்.

லட்ரெல் கையிலிருந்த பந்தைப் பார்த்தான். காலியாகக் கிடந்த கடைக்கோட்டைப் பார்த்தான். “அய்யய்யோ” என்றான். எதிர்ப்பக்கப் பெஞ்சருகே அவன் கோச் பனியில் மண்டியிட்டுத் தன் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஓடுகிறவன் கோட்டுக்கு வெளியே போனால், போக வைத்தவன் கணக்கில் அதைப் பிடித்ததாக எழுதுவது விதி. ஒலிபெருக்கி முழங்கியது: “பிடித்தவர், எண் இருபத்தொன்பது, ட்ரென்டன் ஹோல்சாப்பிள்!”

“காஸ், போயிட்டானா?” என்று என் பின்னாலிருந்து குரல்.

“ஜெயிச்சுட்டோம்யா.”

“யாரு பிடிச்சது?”

“நீதான்.”

ஒரு மூச்சு விடும் நேரம். அதற்குள் அவன் அதை நம்பிவிட்டான். முதுகு நிமிர்ந்தது, மோவாய் உயர்ந்தது. “அவனை எப்படிக் கோட்டுக்கு இழுத்துட்டு வந்தேன் பாத்தியா? அது ஒரு வித்தை. சொல்லிக் குடுத்தா வராது.”

அறுபதாயிரம் பேர் கத்தினார்கள். தெற்குச் சுவருக்கு முன்னால் மேடை போட்டார்கள். வாண்டர்லிப் அம்மாள் மைக்கோடு இறங்கி வந்து துணியின் கயிற்றைப் பிடித்தார். ப்ரானிகனைப் பார்த்தேன், அவர் கோட்டுப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்துக்கொண்டிருந்தார்.

“காஸ், பேனா இருக்கா?”

கொடுத்தேன். அது என்ன தாள் என்று எழுத்தைப் படிக்காமலே புரிந்தது. உடனே என் பின்னால் உட்கார்ந்திருந்த கூட்டத்திடம் திரும்பி, கையை உயர்த்தி, “இன்னும் ஒரு வருஷம்!” என்று ஒரே ஒரு குரல் கொடுத்தேன். கூட்டத்துக்கு அது போதும். பீர் குடித்த அறுபதாயிரம் பேரிடம் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்வார்கள். மைதானமே அதிர்ந்தது. இன்னும் ஒரு வருஷம்! இன்னும் ஒரு வருஷம்!

ப்ரானிகன் நொண்டிக்கொண்டு மேடைக்குப் போய் ஹோல்சாப்பிளின் காதருகே நின்றார், நானும் பின்னாலேயே போனேன். “இந்தக் காலை வச்சுக்கிட்டு ஓய்வாய்யா? ஊரே கேக்குது பாரு. எனக்கே மனசு கேக்கல.”

“நிஜமாவா கோச்?”

“அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம். இங்கேயே போடு.”

அவன் என் முதுகின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான். அழுத்தி, வாலோடு. பிறகு அம்மாளின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, “நான் ஓய்வு பெறல!” என்று ஊளையிட்டான்.

வாண்டர்லிப் அம்மாள் கயிற்றிலிருந்து கையை எடுத்தார். “அப்படியா தம்பி? ரொம்ப சந்தோஷம்” என்றார். பக்கத்திலிருந்த ஆளிடம், “துணியை விலக்க வேணாம்பா. ஆடறவங்க பேரைப் போடறதில்ல, அவர் சொல்லிட்டுப் போயிருக்கார்” என்றார். ஹோல்சாப்பிளுக்கு அது காதில் விழவில்லை. அவன் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ப்ரானிகன் அவனை அணியிலிருந்து நீக்கினார். லீக்கில் அதற்கு ஒரு வரி போதும். பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. ப்ரானிகன் எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேஜைமேல் வைத்தார்.

“கோச், ஏதோ தப்பு நடந்திருக்கு.”

“தப்பு இல்லய்யா. உனக்கு இன்னும் நல்லா ஆட வருது. வேற எவனாவது எடுத்துப்பான்.”

“சரி, இன்னொரு ஒரு நாள் ஒப்பந்தமாவது குடுங்க!”

“அம்மாகிட்ட கேட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு தடவைதானாம்.”

வேறு எவனும் எடுக்கவில்லை. எந்தச் சட்டையிலும் ஓய்வு பெறாமலே அவன் இன்றுவரை டிவியில் பேசிக்கொண்டிருக்கிறான். அவன் வாயில் அந்தக் கடைசிப் பிடியின் தூரம் வருடத்துக்கு இரண்டு கஜம் நீள்கிறது.

வெண்கல எழுத்துகளை இறக்கும் வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் பனியில் ஏணி போட்டு நானே ஏறினேன். ஒவ்வொரு எழுத்துக்கும் நாலு திருகாணி. கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். ப்ரானிகன் வேண்டாமென்று சொல்லிவிட்டு, அந்த முழங்காலோடு தானே வந்து பிடித்துக்கொண்டு நின்றார். முதல் எழுத்து கையோடு வந்தது. கீழே நீட்டினேன்.

“மெதுவாக் கழட்டு, காஸ்” என்றார். “எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”