தடம் பதியாத அடி

வியாழக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு நவமணியின் கையிலிருந்து டிரில் மெஷின் நழுவி, விமான இறக்கைப் பேனல்மேல் விழுந்தது. ‘டொக்’ என்று ஒரே சத்தம். பக்கத்தில் காற்றுக்குழாய் இரைந்துகொண்டிருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மலேசியாவில் ரவாங் பக்கமுள்ள அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு ஏழு வருட வேலை. கார்பன் இழைத் துணியை அடுக்கடுக்காகப் பிசினில் ஒட்டி, சூட்டில் இறுக்கிய கறுப்புப் பேனல்களில் துளை போடுவாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். விரலால் தடவினாள். ஒரு கீறல்கூட இல்லை.

எது விழுந்தாலும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எழுதினால் வேலை நிற்கும், சூப்பர்வைசர் தங்கராஜு எல்லார் முன்னாலும் கத்துவார். மெஷினை எடுத்து அடுத்த துளையைப் போட்டாள்.

புக்கிட் செந்தோசா வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. அவள் கணவன் சசிகுமார், மோதி நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்தும் பட்டறையை சுங்கை சோவில் நடத்துகிறான். அவனிடம் சொன்னாள்.

“நசுங்கலையில்ல? அப்புறம் என்ன பயம்லா? அடிபட்டா தகரம் காட்டிக் கொடுத்துரும்.”

“இது தகரம் இல்லீங்க.”

“தகரத்தவிட கெட்டின்னு நீதானே சொன்ன?”

சொன்னவள் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை சுங்கை செம்பிலாங்குக்கு மீன் வாங்கப் போனார்கள். கடலுக்குமேல் ஒரு விமானம் தாழ்வாகப் போனது. அது மறையும்வரை அதன் இறக்கையையே பார்த்தாள். வாங்கிய மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வண்டியில் ஏறினாள். பாதி வழியில்தான் மீன் எங்கே என்று சசிகுமார் கேட்டான். அவள் அழுதுவிட்டாள்.

“நாளைக்குப் போய்ச் சொல்லிரு. திட்டுனா திட்டட்டும்,” என்றான் அவன்.

திங்கட்கிழமை காலை நேராகத் தங்கராஜுவிடம் போனாள்.

“நாலு நாள் கழிச்சா வந்து சொல்ற? பத்து மணிக்கு லோரி வருதும்மா!”

“தெரியும்ணே. அதான் சொல்றேன்.”

அவர் கத்தினார். ஆனாலும் கட்டமைப்பு இன்ஜினியர் சாந்தனைக் கூப்பிட்டார். அதிகம் பேசாத மனிதர். ஒலி அலையால் உள்ளே பார்க்கும் கருவியோடு வந்தார். துளை போடும் முன்பே அந்தப் பேனலுக்குச் சோதனை முடிந்திருந்தது. அவள் சொல்லாதிருந்தால் இனி யாரும் அதன் உள்ளே பார்த்திருக்க மாட்டார்கள். நவமணி காட்டிய இடத்தில் கருவியை மெதுவாக நகர்த்தினார். திரையில் கோடு நேராக ஓடியது.

“ஒன்னுமில்ல. கிளியர்.”

தங்கராஜு பெருமூச்சு விட்டார். நவமணி மட்டும் அங்கேயே நின்றாள். நான்கு நாளாகக் காத்திருந்த நிம்மதி வரவில்லை. மெஷின் விழுந்தபோது எதிரே என்ன இருந்தது? ஜன்னல். கண்ணாடியில் மழை வழிந்தது. இப்போதோ அந்த இடத்தில் நின்றால் ஜன்னல் முதுகுப் பக்கம்.

“சார்! வெள்ளிக்கிழம இதத் திருப்பிப் போட்டுருக்காங்க. நான் காட்டுனது தப்பான முனை.”

“லோரிக்கு நேரமாச்சும்மா,” என்றார் தங்கராஜு.

சாந்தன் மறுபேச்சில்லாமல் மறுமுனைக்குப் போனார். நான்காவது துளைக்கருகே கோடு சட்டென்று விழுந்தது. பென்சிலால் எல்லையைக் குறித்துக்கொண்டே போனார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் வந்தது. வெளியே இன்னும் கீறல் இல்லை.

“அலுமினியம்னா நசுங்கி அடிய வாங்கிக்கும், நமக்கும் தெரியும். இது நசுங்காது. மேல அப்படியே இருக்கும், உள்ள அடுக்குகள் பிரிஞ்சு போயிரும்,” என்றார். “பறக்கும்போது காத்து இறக்கைய மேல தூக்குது. இறக்கை வளையுது. அடித்தோல் இழுபடும், மேல்தோல் நெருக்கப்படும். இது மேல்தோல். பிரிஞ்ச அடுக்க நெருக்குனா ஒவ்வொன்னும் தனித்தனியா மடங்கும்.”

“பிளேன் விழுந்துருமா சார்?”

“உடனே விழாது. கண்ணுக்குத் தெரியாத அடி படும்னு நெனச்சுத்தான் தடிமன் கூட வச்சிருக்கோம். ஆனா எவ்வளவு பெரிய அடின்னு எங்களுக்குத் தெரியணும்ல?”

பேனல் ஒதுக்கப்பட்டது. லோரி காத்திருந்தது. பதினோரு மணிக்கு நவமணிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டாள். கடிதம் வந்த வருத்தத்தைவிட, அந்தப் பென்சில் வட்டம்தான் கண்ணுக்குள் நின்றது.

மதிய இடைவேளையில் பக்கத்து மேசைப் பெண் விஷாலினி அவளைத் தேடி வந்தாள்.

“அக்கா, மார்ச் மாசம் நானும் ஒரு பேனல்மேல ஸ்பேனரப் போட்டேன். ஒன்னும் தெரியல. சொல்லாம விட்டுட்டேன்.”

“அந்தப் பேனல் எங்க?”

“போயிருச்சுக்கா. இந்நேரம் பறந்துக்கிட்டு இருக்கும்.”

நவமணி அவள் கையைப் பிடித்தாள். “நம்பர் ஞாபகம் இருக்கா?”

“கடைசி மூனு நம்பர் மட்டும்.”

“அது போதும், வா.”

சாந்தனின் அறைவரை விஷாலினி அவள் கையை விடவில்லை. அவர் திட்டவில்லை. பதிவேட்டில் பேனலையும் அது பொருத்தப்பட்ட விமானத்தையும் கண்டுபிடித்து, அவர்கள் முன்னாலேயே விமான நிறுவனத்துக்குப் போன் செய்தார். விமானம் அப்போது வானத்தில் இருந்தது. மூன்று மணிக்குத் தரையிறங்கும், இறங்கியதும் சோதிப்பார்கள் என்று பதில் வந்தது.

இருவரும் தங்கள் மேசைகளுக்குத் திரும்பினார்கள். மணி இரண்டு பத்து. நவமணி மெஷினைக் கையில் எடுத்தாள். துளை போட மனம் வராமல் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு விஷாலினியைப் பார்த்தாள். விஷாலினியும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.