போல்ட்டுக்கு அடியில் நீலம்

ஹெட்லைட் இரண்டும் எரியவில்லை என்பது வியாழக்கிழமை மழையில்தான் தெரியவந்தது. அதுவரை அந்தப் பழைய பிக்கப் வண்டிக்குப் பகலில் மட்டும்தான் வேலை. லாட்ஜுகளில் அழுக்குத் துணியை ஏற்றி வரும். வெளுத்துத் தேய்த்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கும். அன்றைக்கு மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மாமா ஸ்விட்சைப் போட்டார். ஒன்றும் இல்லை. முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கை நம்பி ஊர்ந்து வந்து சேர்ந்தவர், மூட்டைகளை இறக்குவதற்கு முன்பே குரல் கொடுத்தார்.

“எங்கே நம்ம இன்ஜினியரம்மா?”

மாமா என்பவர் சின்னவளின் அக்கா புருஷன். சலவைக்கடை அவருடையது. கடைக்குப் பின்னாலேயே வீடு. அங்கே ஒண்டிக்கொண்டிருப்பவள் சின்னவள். பகலெல்லாம் அவளுக்கு இஸ்திரி மேசை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை வாகன மின்வேலை வகுப்பு. ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ஹெட்லைட் ஸ்விட்ச் தொட முடியாமல் சுடுகிறதே என்று அவள்தான் வண்டியில் ஒரு ரிலே வைத்தாள். லைட்டுக்குப் போகிற மின்சாரம் முழுவதையும் ஸ்விட்சின் தலையில் சுமத்தாமல் பாட்டரியிலிருந்தே நேராக அனுப்புகிற சின்னக் கறுப்புப் பெட்டி. வைத்ததும் போட்டுப் பார்த்தாள், எரிந்தது. எரிந்ததா? டிம், பிரைட் இரண்டையும் பார்த்தோமா, ஒன்றைத்தானா? மாமா எதிரே நின்றபோது அவளுக்கே நிச்சயமில்லாமல் போயிற்று.

“நீ கை வைக்கிற வரைக்கும் எரிஞ்சுது. கை வச்ச பிறகு எரியலை. இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?”

“பார்க்கிறேன் மாமா.”

“நல்லாப் பாரு. சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு வண்டி சோதனைக்கு நிக்கணும். பாஸாகலேன்னா புது லாட்ஜ் போச்சு. அவங்க விடியக்காலம் அஞ்சு மணிக்கு வரச் சொல்றாங்க. தீப்பெட்டியை உரசிக்கிட்டா நான் வண்டி ஓட்டறது?” கைக்குட்டையால் தலையைத் துவட்டிக்கொண்டார். “நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம். எரியலேன்னா, அந்தக் கிளாசுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு, ஆறு மணிக்கு வர்ற லோடை உட்கார்ந்து மடி.”

அக்கா ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மாமா சோதனைக்கான காகிதங்களைத் தயார் செய்ய வெளியே போனார். சின்னவள் கொட்டகையில் வண்டியின் பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள். பக்கத்துக் கடை டயர்க்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“என்னம்மா, நாடி பிடிச்சுப் பார்க்கிறியா? உசிர் இருக்கா?”

“பாட்டரிக்கு இருக்குண்ணே.”

“அப்போ உங்க மாமாவுக்குத்தான் உசிர் போயிட்டு வருது. நேத்து அவர் போட்ட சத்தத்துல என் கடையில ரெண்டு டியூப் வெடிச்சிடுச்சு.”

அவள் சிரிக்கவில்லை. துணிகளில் குத்துகிற அடையாளச் சீட்டு ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதினாள். பாட்டரி, பன்னிரண்டரை வோல்ட். ஃபியூஸ், சரி. இரண்டு பல்பையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள், இழை அறுந்திருக்கவில்லை. ஸ்விட்சைப் போட்டதும் ரிலே ‘டிக்’ என்றது. பல்பில் மாட்டுகிற பிளக்கில் வோல்ட் அளக்கிற மீட்டரின் சிவப்புக் கம்பியை வைத்தாள்; கறுப்புக் கம்பி எப்போதும்போல் பாட்டரியின் மைனஸில் கடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு காட்டியது. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டியபடி இருந்தது, எரிவதைத் தவிர.

அப்படியென்றால் தன் ரிலேதான். அதைப் பிடுங்கிவிட்டு, ஒரு துண்டு ஒயரால் நேராக இணைத்தாள். அப்போதும் எரியவில்லை. ரிலேயின் மேல் தப்பில்லை என்று சீட்டில் எழுதப் போனவள் நிறுத்தினாள். ரிலே வைக்கும்போது வெட்டிய ஒயர்? சுற்றிய டேப்பைப் பிரித்துப் பார்த்தாள். இணைப்பு உறுதியாக இருந்தது. மறுபடி சுற்றினாள். சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று தோன்றவே பயமாக இருந்தது. தன் தப்பு என்று தெரிந்துவிட்டாலாவது திருத்தலாம்.

மணி மூன்றாயிற்று. நாலுக்குப் பக்கத்தில் வந்தது. டயர்க்காரர் ஒரு தூக்கம் போட்டு எழுந்தார்.

“இன்னும் ஒயரைத்தான் தடவுறியா?”

“கரெண்ட் பல்பு வரைக்கும் வருதுண்ணே. அதுக்கப்புறம் என்ன ஆகுதுன்னுதான் தெரியலை.”

“வந்தது திரும்பிப் போக வேண்டாமா? என் மச்சான் மாதிரி வந்த இடத்துலயே உட்கார்ந்துட்டா?”

சும்மா சொன்னதுதான். ஆனால் அவள் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தாள். கறுப்புக் கம்பியை இரண்டு மணி நேரமாக அவள் பாட்டரியின் மைனஸிலிருந்து எடுக்கவே இல்லை. வருகிற வழியை மட்டுமே திரும்பத் திரும்ப அளந்திருக்கிறாள். போகிற வழியை ஒரு தடவைகூடத் தொடவில்லை.

பல்பை மாட்டினாள். ஸ்விட்சைப் போட்டாள். பிளக்கின் பின்னாலிருந்து, மின்சாரம் திரும்பிப் போகிற எர்த் ஒயரில் சிவப்புக் கம்பியைச் செருகினாள். பூஜ்யம் காட்ட வேண்டிய இடம் அது. பன்னிரண்டு காட்டியது.

அந்தக் கறுப்பு ஒயரை விரலாலேயே பிடித்துக்கொண்டு போனாள். இடப்பக்க விளக்கிலிருந்து ஒன்று, வலப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டும் ரேடியேட்டருக்கு மேலே உள்ள தகட்டில் ஒரே போல்ட்டுக்கு வந்து சேர்ந்தன. அங்கிருந்து வண்டியின் இரும்பு உடல் வழியாகத்தான் மின்சாரம் பாட்டரிக்குத் திரும்ப வேண்டும். போல்ட்டைச் சுற்றிலும் பளபளவென்று நீலம்.

மாமாவின் நீலம். அவள் ரிலே வைத்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, மாமா வண்டியின் முன்பக்கத்துக்கு வண்ணம் அடித்தார். அவருக்கு அரைகுறை வேலை பிடிக்காது. போல்ட்டைச் சுற்றிப் பூசுகிற ஆளில்லை. ஒவ்வொன்றையும் கழற்றி, துருவைத் தேய்த்து, துளைக்குள் எல்லாம் இரண்டு கை அடித்து, போல்ட்டையும் பெயிண்டில் முக்கி எடுத்துக் காயவைத்துத் திருப்பி மாட்டினார். தெருவே நின்று பார்த்தது.

ஸ்பேனரைப் போட்டுக் கழற்றினாள். எர்த் வளையத்துக்கு அடியில் இரும்பே தெரியவில்லை. ஒயரைப் பிடித்து ஒரு துண்டுக் கம்பியால் பாட்டரி மைனஸில் தொட்டதும், எதிரே கொடியில் காய்ந்த லாட்ஜ் விரிப்பில் இரண்டு மஞ்சள் வட்டங்கள் விழுந்தன.

“அடி சக்கை!” என்றார் டயர்க்காரர்.

உப்புத்தாளால் தகட்டை வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தாள். போல்ட்டின் மரையைத் துடைத்தாள், வளையத்தைச் சுரண்டினாள், வைத்து முறுக்கினாள். ரிலேயைத் திருப்பி மாட்டினாள். டிம் எரிந்தது, பிரைட் எரிந்தது. பத்துத் தடவை போட்டு அணைத்தாள். பிறகு சீட்டில், நிதானமாக, ‘என் தப்பு இல்லை’ என்று எழுதினாள்.

மாமா ஐந்து மணிக்கு வந்தார். அவளே ஸ்விட்சைப் போட்டுக் காட்டினாள். அவர் முகம் மலர்ந்தது. முன்னால் வந்து குனிந்தவர், தகட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார்.

“இது என்ன, புதுப் பெயிண்டைச் சுரண்டி வச்சிருக்கே?”

“எர்த் போல்ட் மாமா. அதுக்கு அடியில பெயிண்ட் இருந்ததாலதான் எரியலை. இரும்புல இரும்பு படணும்.”

“பெயிண்டாவது, லைட்டை அணைக்கிறதாவது! கேட்டீங்களாய்யா இந்தக் கதையை?” என்று டயர்க்காரரைப் பார்த்தார்.

டயர்க்காரர் ஸ்டூலை எடுத்துக்கொண்டு எழுந்தார். “எனக்கென்னங்க தெரியும், நான் டயர் ஒட்டுறவன்,” என்று சொல்லிவிட்டுத் தன் கடைக்குப் போய்விட்டார்.

“எங்கேயோ ஒயரைத் தப்பா மாட்டியிருந்தே, இப்போ சரியா மாட்டிட்டே. அவ்வளவுதானே? போகட்டும், நான் ஒண்ணும் சொல்லலை.” மாமா அவள் தலையில் லேசாகத் தட்டினார். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார். “கெடுத்ததும் நீ, சரி பண்ணினதும் நீ. இதுக்கு மேல கத்துக்க என்ன இருக்கு? கிளாஸ் போதும்மா. புது லாட்ஜ் லோடு வந்தா சாயங்காலம் ஒரு கை குறையும்.”

“எரிஞ்சா போகலாம்னு சொன்னீங்களே மாமா.”

“எரியலேன்னா நிறுத்தணும்னு சொன்னேன். எரிஞ்சா போகலாம்னு எப்போ சொன்னேன்?”

அவள் அக்காவைப் பார்த்தாள்.

“பெருமையாத்தானேடி சொல்றாரு,” என்றாள் அக்கா, விரிப்பைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டே.

ஐந்தரை மணிக்குக் காய்ந்த விரிப்புகளை மடிக்கத் தொடங்கினார்கள். இரட்டை விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து உதறி, நெருங்கி வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே கொட்டகையில் மாமா நீல டப்பாவின் மூடியை நெம்பினார். பிரஷ்ஷைக் காதில் செருகிக்கொண்டு ஸ்பேனரைத் தேடினார்.

“மாமா, அந்த போல்ட்டை மட்டும் கழட்டாதீங்க.” அவள் ஜன்னலுக்கு ஓடினாள்.

“நாளைக்கு அந்த ஆபீசர் பானெட்டைத் திறந்ததும் இந்தத் தேமல்தான் முதல்ல கண்ணுல படும். நான் வண்டி வச்சிருக்கிறவன், சுரண்டல் வண்டி வச்சிருக்கிறவன் இல்லை.”

“கழட்டாம மேலாக அடிங்க மாமா. கழட்டினா...”

“உன் வேலையைப் பாரு. எனக்குப் பாடம் எடுக்காதே.”

அவள் திரும்பி வந்து தன் முனைகளை எடுத்துக்கொண்டாள். மாமா போல்ட்டைக் கழற்றித் துடைத்து டப்பாவில் முக்கினார். தகட்டில் தெரிந்த வெள்ளை இரும்பின் மேல் ஒரு கை அடித்தார். ஊதிப் பார்த்துவிட்டு இன்னொரு கை. துளைக்குள்ளேயும் பிரஷ்ஷைச் சுழற்றினார். ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா விரிப்பைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

“ஏண்டி, அதுக்கு அடியில பெயிண்ட் இருந்தாத்தானே எரியாதுன்னே?”

“ஆமாக்கா.”

“காலையில எட்டு மணிக்குச் சோதனை.”

“ஆமா.”

“நான் போய்ச் சொல்லட்டுமா?”

சின்னவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறடிக்கப் பத்து நிமிஷம். வகுப்பில் இந்நேரம் மேசைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

“காயட்டும்க்கா.”

“நாளைக்கு உன் தலையிலதான் விழும். நீ கை வச்சதாலதான்னு சொல்லுவாரு.”

“தெரியும். எரியலேன்னாலும் கிளாஸ் கிடையாது, எரிஞ்சாலும் கிடையாது. எரியாமலே இருக்கட்டும்.”

அக்கா வாசலைப் பார்த்தாள். புது லாட்ஜ் வந்தால் ஒரு சலவை இயந்திரம் வாங்கலாம் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். வெளியே போகத்தான் போகிறாள் என்று சின்னவள் நினைத்தாள்.

அக்கா போகவில்லை. விரிப்பை இறுக்கிப் பிடித்து உதறினாள். இரண்டு பேரும் நெருங்கி வந்து முனையோடு முனை சேர்த்தார்கள், விலகினார்கள், மறுபடி சேர்த்தார்கள். மடித்ததை அடுக்கின் மேல் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்கள்.