பல்வலி, அவ்வளவுதான்

அந்தக் கோப்பு மறுபடியும் திரையில் வந்து நின்றபோது அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. டாக்டர் குறிப்பு எழுத வேண்டிய இடத்தில் இரண்டே வார்த்தை: 'பல் வலி'. எந்தப் பல், எப்போதிருந்து, எதனால் என்று ஒரு மண்ணும் இல்லை. பல்லாஸ்பத்திரிக்கு வந்தவருக்குப் பல் வலிக்காமல் முழங்காலா வலிக்கும்?

அந்தச் சின்ன மருத்துவமனையில் மெடிக்கல் கோடிங் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். டாக்டர்கள் எழுதியதைப் படித்து, நோய்க்கு உரிய குறியீட்டைப் போட்டு, காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். வலி என்பது நோயாளி சொல்லும் புகார், நோய் அல்ல. வெறும் வலியைக் காட்டி வேர் சிகிச்சைக்கு அனுமதி கேட்டால் கம்பெனிக்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்புவான். ஏற்கெனவே இரண்டு முறை திருப்பிவிட்டான். இன்னொரு முறை திரும்பினால் கோப்பையே மூடிவிடுவார்கள். அப்புறம் பல்லைப் பிடுங்குவது ஒன்றுதான் வழி.

பிடுங்கினால் பிடுங்கட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. அது அவளுடைய மாமனாரின் கடைவாய்ப்பல். மனுஷனுக்கு மென்று தின்ன மிச்சமிருப்பதே அந்தப் பக்கம்தான்.

வீட்டில் அவர் படும் பாடு அவளுக்குத் தெரியாதா என்ன? சாப்பாட்டைக் கூழாகப் பிசைந்து முழுங்குகிறார். சமையலறையில் கிராம்பு டப்பா காலி. ஊரே தூங்கும் நேரத்தில் அவர் மட்டும் கூடத்தில் நடக்கிறார். ஆனால் அவளுக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்? டாக்டர் எழுதாதது நடக்கவே இல்லை என்பதுதான் இந்த வேலையின் முதல் விதி. எழுதச் சொல்லித் தூண்டவும் கூடாது என்பது இரண்டாவது. 'சொத்தை நரம்பு வரைக்கும் போய்விட்டதா?' என்று கேட்டால் விடையைக் கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி. 'வலிக்குக் காரணம் என்ன?' என்று பொத்தாம்பொதுவாகத்தான் கேட்கலாம். அதிலும் நோயாளி சொந்த மாமனார் என்றால் சொல்லவே வேண்டாம், மூச்சு விடுவதற்குக்கூட யோசிக்க வேண்டும்.

அப்படித்தான் கேட்டாள். முதல் தடவை, 'காரணம் பல்' என்று பதில் வந்தது. இரண்டாவது தடவை, 'நோயாளி வேறு எதுவும் சொல்லவில்லை' என்று வந்தது. மனசுக்குள் அவருக்கு 'ஒருவரி டாக்டர்' என்று பெயர் வைத்திருந்தாள். இன்று பொறுமை கையை விட்டுப் போய், எழுந்து நேரே அவர் அறைக்கே போய்விட்டாள்.

"சார், இன்னும் ரெண்டு வரி எழுதுனா பேனா தேஞ்சா போயிடும்?"

"கோவப்படாதீங்க மேடம்," என்றார் டாக்டர். "எக்ஸ்ரேல சொத்தை ஆழமாத் தெரியுது. நரம்பு கெட்டுப்போச்சான்னு வலிய வச்சுத்தான் முடிவு பண்ணணும். தானா வலிக்குதா, வந்தா எவ்வளவு நேரம் நிக்குது, தூக்கம் கெடுதான்னு ஒண்ணு விடாம கேட்டேன். எல்லாத்துக்கும் 'லேசா வலி சார், பரவாயில்ல'ங்கறார். நான் என்ன, கதையா எழுத முடியும்?"

அவளுக்குச் சுரீர் என்றது. கோபம் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு மாமனார் பக்கம் போயிற்று.

"இன்னிக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கேன்," என்றார் டாக்டர். "நீங்களும் வந்து நில்லுங்க. ஆனா வாயத் தொறக்கக் கூடாது. உங்க ரூல்தான்."

மாமனார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, விருந்தாளி மாதிரி வந்து நாற்காலியில் சாய்ந்தார். நரம்பைச் சோதிக்க டாக்டர் குளிர்ந்த பஞ்சை அந்தப் பல்லின் மேல் வைத்தார். வைத்த மாத்திரத்தில் மாமனாரின் விரல்கள் நாற்காலிக் கையைக் கவ்விப் பிடித்தன. செருப்புக் கால் விறைத்துக்கொண்டது. டாக்டரின் கண் வாய்க்குள்ளேயே இருந்தது.

"வலிக்குதுங்களா?"

"லேசா."

டாக்டர் பஞ்சை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்தார். "இப்ப விட்டுடுச்சா?"

"விட்டுடுச்சு சார். பரவாயில்ல." சொல்லும்போதே கடைக்கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது.

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தீர்களா என்று கேட்கும் பார்வை. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"மாமா, ஏன் மாமா இப்படிப் பண்றீங்க?"

"மேடம்…" என்று டாக்டர் இழுத்தார்.

"இது ஒண்ணும் பதில எடுத்துக் குடுக்குற கேள்வி இல்ல சார். பொதுவான கேள்விதான். சொல்லுங்க மாமா, யாருக்காக இப்படிப் பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

மாமனார் காகிதத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். குற்றம் செய்து மாட்டிக்கொண்டவர் போல அவளைப் பார்த்தார்.

"உனக்காகத்தாம்மா."

"எனக்காகவா?"

"தினம் சாயங்காலம் வந்து நீ பொலம்புறதக் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்? டாக்டருங்க எழுதுனதப் படிச்சுப் படிச்சுக் கண்ணு எரியுதுங்கற, கழுத்து விட்டுப்போச்சுங்கற. நான் பத்து சொன்னா சாரு பத்தையும் எழுதுவாரு. அத்தனையும் நீதான உக்காந்து படிக்கணும்? என்னால வேற உனக்கு எதுக்கு வேலன்னு சுருக்கமா முடிச்சேன்."

யார் மேல் கோபப்படுவது என்று அவளுக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் வாய் ஓயாமல் புலம்பியது அவள்தானே? வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"எனக்கு வேல வரட்டும் மாமா," என்றாள். "எவ்வளவு வேணா வரட்டும். நீங்க சொல்லுங்க."

டாக்டர் கீபோர்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். மாமனார் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"சும்மா இருக்கும்போதே வந்துடும் சார். வந்தா லேசுல போகாது. இப்ப நீங்க பஞ்சு வச்சதுகூட இன்னும் அடங்கல. படுத்தா காது வரைக்கும் துடிக்கும். எந்திரிச்சு நடந்தாத்தான் கொஞ்சம் தேவல. நடக்கவும் முடியாதப்ப தலகாணிய வாயில அமுக்கிக்குவேன். பக்கத்து ரூம்ல இவ களைச்சுப்போய்த் தூங்குவா. முனகுனா முழிச்சுக்குவா."

தலையணை விஷயம் அவளுக்குத் தெரியாது.

"ம், அப்புறம்?" என்றார் டாக்டர். தட்டுவதை நிறுத்தவே இல்லை.

கூடுதலாக ஒரு வார்த்தை வராதா என்று இத்தனை நாள் மல்லுக்கு நின்றவள் அவள். இப்போது ஒவ்வொரு வார்த்தையும் வந்து தைத்தது. 'போதும் மாமா' என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதையும் அவள் சொல்லக் கூடாது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.