செக்குமாடும் பொய் டெலிபோனும்

எங்கள் வீட்டில் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒன்பது வயதிலிருந்து நான் செக்குமாடு. உபயம், என் அண்ணன். கார்ப் பந்தய வீடியோ கேமில் என் காருக்கு இடது பக்கம் திரும்பவே வராது. வலது பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்து சுவரில் முட்டி நிற்கும். "கன்ட்ரோலர் நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் திருப்பத் தெரியல" என்பான். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை காதிலும் அந்தப் பேரை ஓதிவிட்டான். அதோடு என் வீட்டுக்காரருக்கும் நான் அதுதான்.

ஒரே ஒரு தடவை அவனை ஜெயித்து அந்தப் பேரைத் தொலைக்க வேண்டும். முப்பத்தாறு வயதில் இதெல்லாம் ஒரு லட்சியமா என்று கேட்பவர்களுக்கு அண்ணன் இல்லை என்று அர்த்தம்.

வேறு ஊருக்குப் போனபோது கேம் பெட்டியையும் முதல் கன்ட்ரோலரையும் அவன் எடுத்துப்போனான். சின்ன வயதில் நான் ஆடிய இரண்டாவது கன்ட்ரோலரை மட்டும் "ஞாபகமா வச்சுக்கோ" என்று என்னிடம் விட்டான், பெரிய வள்ளல். நான் அதே மாதிரிப் பெட்டி ஒன்றைப் பழசாக வாங்கினேன், அதற்கான கன்ட்ரோலரோடு.

ஆனால் அந்தக் காலத்துப் பெட்டிக்கு இன்டர்நெட் என்றால் டெலிபோன் வயர்தான். வயரில் 'ர்ர்ர்' என்ற டயல் டோன் கேட்டால்தான் நம்பரைச் சுழற்றும். எங்கள் இரண்டு வீட்டிலும் போன் லைனை வெட்டி எத்தனையோ வருஷமாகிறது. அதனால் ஒரு பொய் டெலிபோன் செய்தேன். பெட்டியின் அழைப்பை வீட்டு வைஃபைக்குக் கடத்த உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர், ஒரு பழைய மோடம், லைனில் கரன்ட் இருப்பதாக ஏமாற்ற ஒரு பேட்டரி. நான் ஜெராக்ஸ் மெஷின் மெக்கானிக். அடம்பிடிக்கிற மெஷின்களைத் தாஜா பண்ணுவதுதான் என் பிழைப்பு.

டயல் டோனுக்கு எங்கே போவது? ஒரு ஆபீசில் மெஷின் பார்க்கப் போனபோது ரிசப்ஷன் போனை எடுத்து, என் செல்போனை அதன் காதில் வைத்துப் பதிவு செய்தேன்.

"யார்கிட்ட பேசுறீங்க?" என்றாள் ரிசப்ஷன் பெண்.

"பேசலைங்க. சும்மா கேட்டுட்டிருக்கேன்."

அவள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அண்ணனுக்கும் ஒன்று செய்து அனுப்பினேன். அவனுடைய பொய் டெலிபோனில் மட்டும் சின்னதாக ஒரு கோளாறு வைக்கலாமா என்று கை பரபரத்தது. வைக்கவில்லை. ஜெயித்தால் சுத்தமாக ஜெயிக்க வேண்டும் என்று ரோஷம். மூன்று வாரம் வெறியாகப் பழகினேன். ஆச்சரியம், கார் இடது பக்கம் அழகாகத் திரும்பியது. வயசானால் கை பக்குவப்படும் போலிருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டு பெட்டிகளும் என் திருட்டு 'ர்ர்ர்'ரை நம்பி டயல் செய்தன, திரையில் இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. ஐந்து பந்தயம் ஓடினோம். ஐந்திலும் அவன் என் புகையைத்தான் குடித்தான்.

உடனே போன் வந்தது.

"இதெல்லாம் செல்லாது! என் கார் இடது பக்கம் திரும்பவே இல்ல. நீ அனுப்பின டெலிபோனுக்குள்ள, இடது பட்டன் வேலை செய்யாதபடி நீயும் ஏதாவது ஒட்டி வச்சிட்டியா?"

"நீயும்னா?"

அவன் இரும ஆரம்பித்தான்.

"அண்ணா, நீயும்னா என்ன அர்த்தம்?"

பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "அதானே, என்னங்க அது நீயும்?"

மேஜை டிராயரில் கிடந்த இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்தேன். நான்கு திருகாணி. இடது பட்டனுக்கு அடியில், கத்தரிக்கோலால் கச்சிதமாக வெட்டிய பிளாஸ்டர் துண்டு, பழுப்பேறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. இருபத்தேழு வருஷம்! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அடுத்த நிமிஷமே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சின்ன வயசுல ஏதோ விளையாட்டா..." என்று இழுத்தான். "சரி விடு, மறுபடி ஆடலாம். இந்தத் தடவை நேர்மையா."

"ஆடலாமே," என்றேன். பிளாஸ்டரைத் தொடாமல் நான்கு திருகாணியையும் பழையபடி முடுக்கினேன். "ரெண்டாவது கன்ட்ரோலரை அனுப்பி வைக்கிறேன், இனி உனக்கு அதுதான். அது நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் திருப்பத் தெரியணும்."